பழைய கணினிக்குள் சிக்கிய தமிழ்

என் அப்பா பள்ளி ஆசிரியர். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊரின் ஏரி, கோயில், தெருக்கள், பழைய குடும்பங்கள் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். 2005இல் விழுப்புரத்தில் ஒரு டி.டி.பி. கடையில் அடித்து, முந்நூறு பிரதிகள் அச்சிட்டோம். அப்பா இப்போது இல்லை. பிரதிகளும் தீர்ந்துவிட்டன. மறுபதிப்பு கொண்டுவரலாம் என்று, கடைக்காரர் அன்று எழுதிக் கொடுத்த சி.டி.யைத் தேடி எடுத்தேன். நல்லவேளை, சி.டி. படித்தது. ஆனால், கோப்பைத் திறக்க என் மடிக்கணினியில் எதுவும் இல்லை. 'இந்தக் கோப்பை எந்த ஆப்பில் திறப்பது?' என்று அது என்னையே கேட்டது. தெரிந்த தம்பி ஒருவர் எழுத்தை மட்டும் எப்படியோ உருவி வேர்டில் போட்டுக் கொடுத்தார். முதல் பக்கத்தில் அப்பா அந்த நூலைத் தன் தாய்க்குக் காணிக்கை ஆக்கியிருந்தார். 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து குறிகள் நின்றன: ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் எச்.

அறுபத்து நான்கு பக்கமும் அப்படியே.

விழுப்புரத்தில் அந்தக் கடை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. விசாரித்துக்கொண்டே போய்த் திண்டிவனத்தில் ஒரு கடையைப் பிடித்தேன். வாசலில் 'ஜெராக்ஸ், லேமினேஷன், கல்யாணப் பத்திரிகை, பில் புக்' என்று பலகை. உள்ளே இரண்டு கணினிகள். புதியதில் விண்டோஸ் 11. ஃபிளெக்ஸ் வேலையும் ஆன்லைன் விண்ணப்பங்களும் அதில்தான். மற்றொன்று மூலையில், மேசைக்கு அடியில் பழுப்பேறிய பெட்டி. அதில் விண்டோஸ் எக்ஸ்.பி., பக்கம் கட்டும் நிரலான பேஜ்மேக்கர் 7, ஐம்பது அறுபது தமிழ் எழுத்துருக்கள். அதன் முன்னால் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் அக்கா, கடை தொடங்கிய நாளிலிருந்து அங்கே இருப்பவர்.

"இதுக்கு நெட்டே குடுக்கறதில்ல சார். இருபது வருஷத்து மேட்டர் பூரா இதுலதான் கெடக்கு. புதுசுல போட்டுப் பாத்தோம், ஓடாதுன்னு மெசேஜ் வருது. இது ஒருநாள் தூக்கிடுச்சின்னா இன்னா பண்றதுன்னே தெரியல" என்றார்.

நான் இருந்த ஒரு மணி நேரத்தில் ஒரு குடும்பம் வந்தது. சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம். "பெரிய பொண்ணுக்கு அடிச்சிங்கல்ல, அதையே எடுங்க. பேரு, தேதி, மண்டபம் மட்டும் மாத்துங்க" என்றார் தகப்பனார். அக்கா பழைய கோப்பைத் திறந்தார். தாத்தா பாட்டி பெயர், குலதெய்வம், தாய்மாமன்கள் வரிசை, 'தங்கள் நல்வரவை விரும்பும்' உறவினர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. இறந்துபோன இருவர் பெயரை மட்டும் அந்த அம்மாள் மெல்லிய குரலில் எடுக்கச் சொன்னார். ஒரு குடும்பத்தின் வம்சாவளி அந்தப் பழுப்புப் பெட்டிக்குள் இருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்தப் பெட்டியைப் பற்றியது. 'உங்கள் மென்பொருள் காலாவதியாகிவிட்டது', 'இந்த நிரல் இந்தக் கணினியில் இயங்காது' என்று திரையில் எழும் எச்சரிக்கைகளைப் பார்த்து நாம் அஞ்சுவது ஒன்று. உண்மையில் நாம் இழக்கப்போவது வேறொன்று.

அக்டோபர் 14

2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்தக் கணினிகள் நின்றுவிடவில்லை, முன்போலவே ஓடுகின்றன. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் மட்டும் வழக்கம்போல் வராது. தனிநபர் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அதில் சேமிப்பவர்களுக்கு அது கட்டணமின்றியே கிடைக்கிறது. அதுவும் 2026 அக்டோபர் 13 வரைதான்.

அப்படியானால் விண்டோஸ் 11 போட்டுவிடலாமே என்றால், 'இந்த பி.சி. தேவைகளைப் பூர்த்தி செய்யவில்லை' என்ற அடுத்த எச்சரிக்கை வருகிறது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய பெரும்பாலான கணினிகள் இந்த வாசலிலேயே நின்றுவிடும். இப்படி ஒதுக்கப்படும் கணினிகள் உலகெங்கும் 24 கோடி இருக்கும் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 இறுதியில் கணித்தது. தமிழ்நாட்டில் 2011 முதல் அரசு விலையில்லாமல் கொடுத்த மடிக்கணினிகளில் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தவையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

டி.டி.பி. கடைகளுக்கு இதில் இன்னொரு சேதி இருக்கிறது. அதைப் பலரும் கவனிக்கவில்லை. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸ், 16 பிட் காலத்து நிரல்களை ஓட்டாது. தொண்ணூறுகளில் வந்த பல மென்பொருள்கள் 32 பிட்டாகவே இருந்தாலும், அவற்றை நிறுவும் 'செட்டப்' மட்டும் 16 பிட்டாக இருக்கும். அதனால்தான் நல்ல நிலையில் உள்ள சி.டி.யைப் போட்டதும் 'இந்த ஆப் உங்கள் பி.சி.யில் இயங்காது' என்று ஒரே வரியில் பதில் வருகிறது. அந்தக் காலத்து நிரல்களுக்கு இடம் கொடுத்த கடைசி விண்டோஸ், 10-இன் 32 பிட் பதிப்புதான். இப்போது அதன் கதவும் அடைபடுகிறது.

உரிமச் சாவியும் இப்படித்தான். அன்று விலை கொடுத்து வாங்கிய தமிழ் மென்பொருள்கள் பலவற்றுடன் ஒரு சிறு 'லாக்' வரும். பிரிண்டர் போர்ட்டில் செருகினால்தான் நிரல் திறக்கும். இன்றைய கணினியில் அந்த போர்ட்டே இல்லை. யூ.எஸ்.பி. லாக் வைத்திருப்பவர்களுக்கும் 64 பிட் டிரைவர் கிடைக்காவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. முறையாகக் காசு கொடுத்து வாங்கியவர்தான் இதில் அதிகம் தவிக்கிறார் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

எது அபாயம், எது வெறும் அறிவிப்பு

எச்சரிக்கைகள் எல்லாமே ஒரே எடை கொண்டவை அல்ல. இந்த வேறுபாடு தெரியாமல், ஒரு பக்கம் எல்லாவற்றையும் 'ஓகே' தட்டிக் கடப்பவர்களும், மறு பக்கம் எதைப் பார்த்தாலும் "ஃபார்மட் அடிச்சிடுப்பா" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது பழக்கம்தான் கொடியது. ஒரு மதிய நேரத்தில் அடித்த ஃபார்மட்டில் பத்து ஆண்டு மேட்டரைத் தொலைத்த கடைகள் உண்டு.

மிக எளிய ஒன்றைச் சொல்கிறேன். பழைய கணினியில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று வருகிறதா? திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். அது பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தவறானால் இணையதளங்களின் சான்றிதழ் எதுவும் செல்லுபடியாகாததுபோலத் தோன்றும். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் பிரச்சினை தீர்ந்தது. இதற்காகவே புதுக் கணினி வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

தேதி சரியாக இருந்தும் அந்த எச்சரிக்கை நீடித்தால் காரணம் வேறு: உலாவி பழையது. எக்ஸ்.பி.க்கு குரோம் 2016-இலேயே பதிப்பு 49-உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 7-க்கும் 8.1-க்கும் 2023-இல் பதிப்பு 109-உடன் நின்றது. அந்தக் கணினியில் வங்கிக் கணக்கையோ ஆதார் தொடர்பான வேலையையோ திறக்கவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னகிரை வைரஸ், சுமார் 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். ஆதரவு முடிந்த கணினிக்குத் திருத்தமே வராது என்னும்போது, அந்த அக்கா நெட் கொடுக்காமல் வைத்திருப்பதுதான் சரியான பாதுகாப்பு. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை நேராக அதில் செருகாமல், புதிய கணினியில் சோதித்த பிறகு செருக வேண்டும்.

மூன்றாவது வகை, 'இந்த நிரலில் பொருத்தப்பாட்டுச் சிக்கல்கள் இருக்கலாம்' என்பது. இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. நிரலின் ஐகானில் வலது கிளிக் செய்து, பண்புகளுக்குப் போய், 'கம்பாடிபிலிட்டி' பிரிவில் விண்டோஸ் எக்ஸ்.பி.யைத் தேர்ந்தெடுத்தால் பல பழைய நிரல்கள் எழுந்து உட்காரும். அங்கே நடப்பது சுவையானது. நிரல் 'நான் எந்த விண்டோஸில் இருக்கிறேன்?' என்று கேட்கும்போது, விண்டோஸ் அதனிடம் 'எக்ஸ்.பி.யில்தான்' என்று சொல்லிவிடுகிறது. மைக்ரோசாஃப்டுக்கே இது பழகிய வழி. விண்டோஸ் 7-இன் உள் எண் 7 அல்ல, 6.1. பெரிய எண்ணைப் பார்த்தால் பழைய நிரல்கள் மிரண்டு நின்றுவிடும் என்பதற்காக அப்படி வைத்தார்கள். விண்டோஸ் 11-இன் உள் எண்ணும் இன்றுவரை 10-தான்.

எக்ஸ்.பி. காலத்து நிரல்கள் கணினியின் எந்த மூலையிலும் எழுதும் உரிமை தங்களுக்கு உண்டு என்ற நினைப்பில் எழுதப்பட்டவை. 2007-இல் வந்த விஸ்டாவிலிருந்து அந்த உரிமை பறிக்கப்பட்டது. பேஜ்மேக்கரை 'அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு' என்று கொடுத்தால் புதிய விண்டோஸிலும் பல கடைகளில் ஓடுவதன் ரகசியம் இதுதான்.

பழைய மென்பொருளைத் தூக்கி எறிய முடியாமல் தவிப்பது நம் ஊர்க் கடைகள் மட்டும் என்று எண்ண வேண்டாம். 2021 ஜனவரி 12 அன்று அடோபி ஃபிளாஷ் உலகெங்கும் நிறுத்தப்பட்டபோது, சீனாவின் டாலியன் நகர ரயில்வே பணிமனை ஒன்றில் திரைகள் வேலை செய்யாமல் போயின. ஃபிளாஷின் பழைய பதிப்பைத் தேடிப் போட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். தென் ஆப்பிரிக்காவின் வரித்துறை, தன் ஃபிளாஷ் படிவங்களைத் திறப்பதற்காகவே தனி உலாவி ஒன்றை வெளியிட்டது. அவர்களுக்கெல்லாம் படிவத்தை மாற்றி எழுதினால் தீர்ந்தது. நம் சிக்கல் அதைவிட ஆழமானது. நம்முடைய எழுத்தே மாட்டிக்கொண்டிருக்கிறது.

'அம்மா' எப்படி மறைந்தாள்

பேஜ்மேக்கரை ஆல்டஸ் நிறுவனம் 1985-இல் வெளியிட்டது. ஒரு மேசையில் உட்கார்ந்தே பக்கம் கட்டலாம் என்று உலகத்துக்குக் காட்டிய நிரல் அது, டி.டி.பி. என்ற பெயரே அதனோடு வந்ததுதான். 1994-இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு பேஜ்மேக்கரின் வளர்ச்சி நின்றது. அதாவது, இன்று திண்டிவனத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் நிரலுக்கு வயது இருபத்தைந்து.

பேஜ்மேக்கருக்குத் தமிழ் தெரியாது. அதற்குத் தெரிந்தது 256 இடங்கள் கொண்ட ஓர் எழுத்துப் பெட்டி மட்டுமே. நம்மவர்கள் அந்தப் பெட்டியில் ஆங்கில எழுத்துகள் இருந்த இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். பாமினி எழுத்துருவில் ஆங்கில எம் இருக்கும் இடத்தில் 'அ'வின் படம், கே இருக்கும் இடத்தில் 'ம', அரைப்புள்ளியில் மெய்ப்புள்ளி, எச்சில் கால். கணினி தன் நினைவில் வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பதைத்தான். பாமினி என்ற கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் 'அம்மா' தெரிகிறாள். கண்ணாடியைக் கழற்றினால் காணோம்.

இது குறுக்கு வழி என்று நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நாளில் வேறு வழி இல்லை. அச்சுக்கோக்கும் தொழில் மறைந்துகொண்டிருந்தபோது, பழைய தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பையே கணினியில் கொடுத்து, டைப் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்த ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இந்த எழுத்துருக்கள் வேலை கொடுத்தன. கெடுதல் எங்கே வந்தது என்றால், ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி இடம் ஒதுக்கியதில். ஒன்றில் 'அ' இருந்த இடத்தில் இன்னொன்றில் 'ழ' இருந்தது. எந்த இடத்தில் எந்த எழுத்து என்ற இந்த ஏற்பாடுதான் குறியேற்றம். ஒரே கல்யாணப் பத்திரிகையில் தலைப்பு ஒரு குறியேற்றம், உள்ளே உள்ள மேட்டர் வேறு குறியேற்றம்.

இதை ஒழுங்குபடுத்த முயற்சி நடக்காமல் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டின் வழியே தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்ற பொதுக் குறியேற்றங்களும் வந்தன. இணையத் தமிழர்கள் திஸ்கி என்ற குறியேற்றத்தை வளர்த்தார்கள். இதற்கிடையே 1991-இலேயே, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்றமான யுனிகோடில் தமிழுக்குத் தனி இடம் கிடைத்திருந்தது. விண்டோஸ் 2000-இல் 'லதா' எழுத்துருவோடு அது நம் கணினிக்கும் வந்தது. 2010 ஜூன் 23 அன்று, கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, யுனிகோடையும், அது ஓடாத மென்பொருள்களுக்காக டேஸ்-16 என்ற குறியேற்றத்தையும் தமிழ்நாடு அரசு தன் தரங்களாக ஆணையிட்டு ஏற்றுக்கொண்டது.

ஆணை வந்தது. பழைய கோப்புகளை மாற்ற யாரும் வரவில்லை. அரசு அலுவலகங்களில்கூட வானவில் எழுத்துருவில் அடித்த கடிதங்கள் தொடர்ந்து புழங்கின. தனியார் கடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அச்சில் வருவது ஒன்றுபோலத்தானே இருக்கிறது, எதற்காக மாற்ற வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. காகிதம் மட்டும் போதும் என்றிருந்தவரை அந்தக் கேள்வி நியாயமாகவே இருந்தது. வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் போகும், தேடினால் கிடைக்க வேண்டும், கைபேசி வாசித்துக் காட்ட வேண்டும் என்ற காலத்தில் பழைய எழுத்துருவில் அடித்தது எழுத்தாக நிற்காது. எந்தத் தேடுபொறிக்கும் அது தமிழ் இல்லை.

ஒரு மாவட்டத்தின் எழுத்து

விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது 1993 செப்டம்பர் 30 அன்று. டி.டி.பி. கடைகள் இந்தப் பக்கம் பரவியதும் ஏறக்குறைய அந்த ஆண்டுகளில்தான். அதனால் மாவட்டம் தன்னைப் பற்றி எழுதிக்கொண்டதில் பெரும்பகுதி இந்தக் குறியேற்றங்களில் இருக்கிறது. மேல்மலையனூர் மாசித் தேர் நோட்டீஸ், மயிலம் பங்குனி உத்திர உபய விவரம், பள்ளிகளின் பொன்விழா மலர், கல்லூரி ஆண்டு மலர், தெருக்கூத்துக் குழுக்களின் விளம்பரம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கிராமத்துப் புலவர் சொந்தக் காசில் போட்ட கவிதைத் தொகுப்பு. நூலகத்துக்குப் போகாத, எந்தப் பட்டியலிலும் ஏறாத எழுத்து இது. இருப்பது கடைக்காரரின் ஹார்டு டிஸ்க்கில் மட்டும்.

சார்பதிவாளர் அலுவலகங்களைச் சுற்றியுள்ள பத்திர எழுத்தர்களின் நிலையும் இதுதான். பதிவுத்துறை 2018 பிப்ரவரியில் 'ஸ்டார் 2.0' மென்பொருளுக்கு மாறி, பதிவை இணையவழி ஆக்கிவிட்டது. எழுத்தர் கையில் இருக்கும் பழைய கிரயப் பத்திரத்தின் வாசகம், நஞ்சை புஞ்சை விவரம், செக்குபந்தி, பாதை உரிமை பற்றிய வரிகள் ஆகியவை பழைய எழுத்துருவில் இருக்கின்றன. அதே நிலம் மறுபடி கைமாறும்போது ஒவ்வொரு வரியையும் பார்த்துப் பார்த்துப் புதிதாக அடிக்கிறார்கள். சர்வே எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் பிழைதிருத்தல் பத்திரம் போட அலைய வேண்டியது வாங்கியவர்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் தாழ்வான தெருக்களுக்குள் தண்ணீர் புகுந்தது. மேசைக்கு அடியில் தரையில் உட்கார்ந்திருக்கும் பழுப்புப் பெட்டிக்கு எந்த மென்பொருள் எச்சரிக்கையும் இதைச் சொல்லாது.

பெட்டியிலிருந்து வெளியே

அந்த அக்காவும் நானும் சேர்ந்து அப்பாவின் நூலை மீட்டோம். எங்களுக்குத் தெரியவந்த வழியை அப்படியே சொல்கிறேன். பத்திரிகைக்கும் பத்திரத்துக்கும் மலருக்கும் இது பொருந்தும்.

கணினி ஓடும்போதே, வேறு எதையும் தொடும் முன், கோப்புகள் முழுவதையும் இரண்டு இடங்களில் படி எடுக்க வேண்டும். ஒன்று வெளி ஹார்டு டிஸ்க், இன்னொன்று கடைக்கு வெளியே யாராவது வீட்டில். கோப்புகளோடு எழுத்துருக்களையும் எடுத்தாக வேண்டும். பலர் இதைத்தான் மறக்கிறார்கள். கண்ணாடி இல்லாமல் கோப்பு மட்டும் இருந்து பயனில்லை. விண்டோஸின் 'ஃபான்ட்ஸ்' கோப்புறையை அப்படியே நகல் எடுங்கள். எந்தக் கோப்பில் எந்த எழுத்துரு என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தால் பின்னால் வருபவர் உங்களை வாழ்த்துவார்.

அடுத்து, பழைய கணினியிலிருந்தே ஒவ்வொன்றையும் பி.டி.எஃப். ஆக்கிவிட வேண்டும். எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துவிடுவதால் பக்கம் கண்ணுக்கு அப்படியே தெரியும். திருத்த முடியாது, தேட முடியாது. ஆனாலும் மேட்டர் அழியாது. பின்னால் பிழை பார்க்கும்போது ஒப்பிட இந்த பி.டி.எஃப்.தான் மூலப்பிரதி.

பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கப் பேஜ்மேக்கரே வேண்டும் என்பதில்லை. 2012-இல் வந்த இன்டிசைன் சி.எஸ். 6 ஒரு நல்ல பாலம். பேஜ்மேக்கர் கோப்பையும் திறக்கும். யுனிகோட் தமிழையும் ஒழுங்காகக் கோத்துக் காட்டும். உரிமத்தோடு அதை வைத்திருப்பவர்கள் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். இல்லாதவர்களுக்குக் கட்டணமற்ற லிப்ரே ஆபிஸ் இருக்கிறது. 2015-இல் வந்த 4.4 பதிப்பு முதல் அதன் 'டிரா' பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கிறது. பக்க அமைப்பு கொஞ்சம் கலையும். எழுத்து கைக்கு வந்துவிடும். பழைய கணினியையே முழுதாகக் காப்பாற்ற விரும்பினால், புதிய கணினிக்குள் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற கட்டணமற்ற நிரலில் எக்ஸ்.பி.யை நிறுவி, இணைய இணைப்பைத் துண்டித்து வைக்கலாம். பெட்டி செத்தாலும் அதன் உயிர் இன்னொரு பெட்டிக்குள் ஓடும். பிரிண்டர் போர்ட் லாக் கேட்கும் நிரல்களுக்கு மட்டும் இந்த வழி எளிதில் ஒத்துவராது.

பிறகுதான் மாற்றுதல். சுரதாவின் 'பொங்குதமிழ்', நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவிகளை யுனிகோட் ஆர்வலர்கள் கட்டணமின்றிக் கொடுத்தார்கள். தமிழுக்குச் சத்தமில்லாமல் நடந்த பெரிய தொண்டு அது. மாற்றுவது வெறும் எழுத்துக்கு எழுத்து பதிலீடு இல்லை. பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டுகள். யுனிகோடில் முதலில் க, அடுத்து ஒகரக் குறி. கருவி ஒவ்வொரு கொம்பையும் பிடித்து, அதன் எழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

கருவி எதைச் சரியாகச் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் நூலில் பெயர்களுக்குப் பின்னால் இருந்த பட்டங்கள் ஆங்கில எழுத்தில் இருந்தன. கருவி அவற்றையும் பாமினி என்று எண்ணித் தமிழ்ப்படுத்த, படித்தவர்களின் பெயருக்குப் பின்னாலெல்லாம் பொருளற்ற தமிழ் எழுத்துகள் தொங்கின. 'ஸ்ரீ' உடைந்திருந்தது. தலைப்புகள் வேறு எழுத்துருவில் இருந்ததால் அவை மட்டும் குழம்பின. அறுபத்து நான்கு பக்கத்தை மாற்றப் பத்து நிமிடம் ஆனது. பி.டி.எஃப்.ஐப் பக்கத்தில் வைத்துப் பிழை திருத்த எட்டு நாள். டி.டி.பி. தொழிலில் கண் பழகிய அந்த அக்கா இல்லாவிட்டால் எட்டு வாரம் ஆகியிருக்கும். இந்த வேலையைச் செய்யத் தகுதி உள்ளவர்கள் இன்றும் கடைகளில் இருக்கிறார்கள். அவர்கள் ஓய்வு பெற்றுவிட்டால், எந்தக் குறியில் எந்த எழுத்து என்று விரலால் அறிந்த தலைமுறையும் போய்விடும்.

யார் செய்ய வேண்டும்

இதைக் கடைக்காரர் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் இல்லை. இருபது ஆண்டு மேட்டரை மாற்ற அவருக்கு யார் கூலி கொடுப்பார்கள்? எக்ஸ்.பி. முடிந்த 2014-இல், தன் துறைகள் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழ்நாடு அரசு வழிகாட்டியது. அந்த அக்கறை இப்போதும் வேண்டும். இந்த முறை எழுத்தின் பக்கம் வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் யுனிகோட் எழுத்துருக்களையும் விசைப்பலகை நிரல்களையும் ஏற்கெனவே கட்டணமின்றித் தருகிறது. பழைய நூல்களை மின்னாக்கம் செய்கிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மாதம் ஒருநாள் எழுத்துரு மாற்று முகாம் நடத்துவது அதற்குப் பெரிய செலவாக இருக்காது. கல்லூரிக் கணினித் துறை மாணவர்கள் கருவியை ஓட்டட்டும், தமிழ்த் துறை மாணவர்கள் பிழை பார்க்கட்டும், கடைக்காரர்கள் ஹார்டு டிஸ்க்கோடு வரட்டும்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டு விசேஷத்துக்கோ, கோயிலுக்கோ, பள்ளி மலருக்கோ எந்தக் கடையிலாவது தமிழில் ஏதாவது அடித்திருந்தால், இந்த வாரம் அங்கே போங்கள். பி.டி.எஃப்.ஐயும் யுனிகோடில் மேட்டரையும் கேட்டு வாங்குங்கள். மாற்றித் தருபவருக்கு அதற்கான கூலியைத் தனியாகக் கொடுங்கள். இனி புதிதாக அடிக்கக் கொடுப்பதை யுனிகோடிலேயே அடிக்கச் சொல்லுங்கள். 2026 அக்டோபர் 13-க்காகக் காத்திருக்க வேண்டாம். பழைய ஹார்டு டிஸ்க்குகள் தேதி பார்த்து நிற்பதில்லை.